பொட்டலத்துக்கு எங்கே வலிக்கிறது

பொட்டலம் மறுபடியும் கத்தியது.

சின்னவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பாதி தேய்த்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பழைய சைக்கிளுக்குப் பிரேக் பிடித்த மாதிரி நீளமான ஒரு கிரீச். கேட்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும். முன்மேசையில் துணி கொடுக்க வந்து நின்ற அம்மாள்கூட, "என்னங்க, மெஷினுக்கு எண்ணெய் போடலையா?" என்று கேட்டது உள்ளே வரைக்கும் கேட்டது.

"மெஷினெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. இது எங்க வீட்டு நோயாளி" என்றார் ரசீது. "சட்டை எத்தனைன்னு சொன்னீங்க?"

ரசீது, சின்னவளுடைய புருஷனுக்கு அண்ணன். லாண்டரியின் முன்மேசையில் உட்கார்ந்து துணியை எண்ணி ரசீது கிழித்தே காலம் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் பெண்டாட்டி பெரியவள், பின்கட்டில் மூன்று சலவை மெஷின்களையும் ஓட்டுகிறவள். சின்னவளுக்கு இஸ்திரி அறை. சின்னவளின் புருஷன் வேன் ஓட்டி வீடு வீடாகத் துணி கொடுத்து வருவான். கீழே கடை, மாடியில் குடித்தனம். சலவை அறைக்கும் இஸ்திரி அறைக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு ஒரு நடை. அந்த நடையில்தான் பொட்டலத்தின் கூண்டு இருந்தது.

பொட்டலம் ஒரு கினிப் பிக். வாலில்லாத, காது மடிந்த, பழுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய ரொட்டி அளவு பிராணி. நாலு வருஷத்துக்கு முன்னால் விடுதிப் பையன் ஒருவன் துணி மூட்டையோடு கூண்டையும் கொண்டுவந்து, "ரெண்டு நாள் வெச்சுக்கங்கக்கா, ஊருக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். துணியையும் வாங்க வரவில்லை, இதையும் வாங்க வரவில்லை. அவன் துணிகளை ரசீது ஒரு வருஷம் கழித்து எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார். இதை யாரிடம் கொடுப்பது?

சின்னவள் கூண்டின் முன்னால் மண்டி போட்டாள். விரித்திருந்த டவல் நனைந்திருந்தது. நனைந்த இடத்தில் கஞ்சி காய்ந்த மாதிரி வெள்ளைப் படலம். பொட்டலம் அந்த ஈரத்திலேயே முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பக்கத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

"எங்கடா வலிக்குது? முதுகா? கீழயா? சொல்லித் தொலையேண்டா."

அது மூக்கை மட்டும் ஆட்டியது.

இடது கையை நெஞ்சுக்கடியில் கொடுத்து, வலது கையால் பின்பக்கத்தை ஏந்தி, முதுகு வளையாமல் தட்டை எடுக்கிற மாதிரி எடுத்தாள். எடுக்கும்போது ஒரு கத்தல். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து அடிவயிற்றைத் துடைத்தபோது கத்தவில்லை. காய்ந்த டவலில் விட்டபோது மறுபடியும் ஒரு கத்தல். அப்படியானால் முதுகுதான் என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே கால் இரண்டையும் அகட்டி, உடம்பைக் கூனி, இரண்டு சொட்டு விட்டு அதற்கும் கத்தியது. அப்படியானால் கீழேதான்.

டாக்டரம்மாவுக்கே அது புரியவில்லையே. பதினாறு நாளைக்கு முன்னால் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது சின்னவளுக்கு மனப்பாடம்.

"இங்க பாருங்க, இடுப்புக்கிட்ட முதுகெலும்பு தேஞ்சு, எலும்பு முளைச்சிருக்கு. அது நரம்ப அழுத்துது. இந்த வெள்ளை உருண்டை மூத்திரப்பை. உள்ள மணல் மாதிரி சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. முதுகு வலியால குனிஞ்சு சரியாப் போகாம தேங்கினதா, இல்ல மணல் உறுத்தறதாலதான் முதுகக் கூனுதா, எனக்கே தெரியலம்மா. ரெண்டுக்கும் சேர்த்துப் பாப்போம்."

ரெண்டுக்கும் சேர்த்து ஏகப்பட்ட வேலை. ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து வாயோரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். கீரையைக் குறைத்து, காய்ந்த புல்லைக் கூட்ட வேண்டும். தினம் ஒரு துண்டு குடைமிளகாய். ஈரம் பட்டால் உடனே மாற்ற வேண்டும். நரம்பு வலிக்கு ஒரு மருந்து, குட்டிப் பாட்டிலில், வெள்ளையாக. வயிற்றில் ஏதாவது இருக்கும்போதுதான் அதைக் கொடுக்கலாம். காலையோ மாலையோ, நாளைக்கு ஒரே தடவை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெரியவளும் சின்னவளும் பேசிக்கொள்வதில்லை.

ஓட்டல்காரனின் நாற்பது வெள்ளை மேசைவிரிப்புகள் ரோஜா நிறத்தில் வெளியே வந்த அன்றிலிருந்து பேச்சு நின்றிருந்தது. மெஷினுக்குள் ஒரு சிவப்புக் கால்சட்டை கிடந்தது. அன்றைக்கு அழுக்குத் துணியைப் பிரித்துக் கொடுத்த சின்னவள்தான் பார்த்திருக்க வேண்டும் என்றாள் பெரியவள். உள்ளே போட்டவளுக்குக் கண் இல்லையா என்றாள் சின்னவள். அதற்கப்புறம் இருவரும் என்ன பேசினாலும் பொட்டலத்திடம்தான் பேசினார்கள்.

"பொட்டலம், டவல் காயலைன்னு சொல்றவங்க வெளியில எட்டிப் பாக்கலாம். மூணு நாளா மழை ஊத்துது" என்பாள் பெரியவள், நடையில் நின்று.

"பொட்டலம், உள்ள உலர்த்தற மெஷின்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லு" என்பாள் சின்னவள், இஸ்திரி அறைக்குள்ளிருந்து.

மருந்து விஷயத்தில் பொட்டலத்தை நம்ப முடியாதே. அதனால் ரசீதுதான் ஒரு வழி கண்டுபிடித்தார். துணி மூட்டையில் கட்டுகிற சீட்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் எண் போட்டு, இன்னொரு பக்கத்தை வெறுமையாக விட்டு, கூண்டுக் கம்பியில் தொங்கவிட்டார்.

"பேச வேண்டாம், மூஞ்சிய பாக்க வேண்டாம். காலையில அது சாப்பிட்டிருந்தா பெரியவ கொடுப்பா. இல்லாட்டி சாயங்காலம் சின்னவ. கொடுத்தவங்க சீட்டத் திருப்பிப் போடுங்க. ஊர் மூட்டைக்கெல்லாம் இதத்தான பண்றோம்? இந்தப் பொட்டலத்துக்கும் பண்ணுங்க."

சின்னவள் இப்போது அந்தச் சீட்டைப் பார்த்தாள். வெறும்பக்கம் தெரிந்தது. இன்றைக்கும் பெரியவள் மருந்து கொடுக்கவில்லை. பதினாறு நாளில் ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. விடிந்ததிலிருந்து மத்தியானம் வரைக்கும் இந்தக் கூண்டைத் தாண்டித்தானே போய் வருகிறாள்? குனிந்து ஒரு சொட்டு மருந்து ஊற்ற மகாராணிக்கு இடுப்பு வளையவில்லை. இஸ்திரி போடும்போதுகூட இதை வாய்விட்டு முணுமுணுப்பாள்.

"உனக்கு முதுகு வலின்னா அவங்களுக்கு மனசுல வலிடா" என்றாள் பொட்டலத்திடம். அளந்து மருந்தை ஊற்றினாள். சீட்டைத் திருப்பி எண் தெரிகிற மாதிரி போட்டாள். ராத்திரிக்குள் பொட்டலம் பக்கவாட்டில் சாய்ந்து, புல்லில் மூக்கைப் புதைத்துக்கொண்டு தூங்கிப்போனது.

வேனை நிறுத்திவிட்டு வந்த அவள் புருஷன் எட்டிப் பார்த்தான்.

"இது தூங்குதா, இல்ல..."

"வாய மூடுங்க."

"இல்ல, போன வாரம் நடந்துச்சு. இப்ப பின்கால இழுக்குது. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? கால் போயிடுச்சுன்னா, தானா மூத்திரம் போக முடியலைன்னா, வெச்சு வதைக்கக் கூடாதுன்னாங்கல்ல? நாளைக்கு வெள்ளிக்கிழமை."

அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முடிவு பண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். என்ன முடிவு பண்ணுவது? முதல் வாரம் மருந்து கொடுத்ததும் கத்தல் குறைந்தது. நல்லதுதானே? ஆனால் நடையும் குறைந்தது. தூக்கம் கூடியது. தூங்கினால் வலி இல்லை என்று அர்த்தமா, உயிர் இறங்குகிறது என்று அர்த்தமா? மருந்து போதவில்லையா, நோய் மிஞ்சிவிட்டதா? சட்டையில் கறை இருந்தால் எண்ணெயா, மையா, ரத்தமா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். இதற்குள் எங்கே கறை என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் வேனில் முன்சீட்டில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நல்ல புடவை கட்டி, குடையும் கையுமாக, எல்லோருக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவே கூண்டை மடியில் வைத்துக்கொண்டு சின்னவள். மழையில் கண்ணாடி துடைப்பான் கீச்சிட்டதும் பொட்டலம் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்து மறுபடி சாய்ந்தது.

"பொட்டலம், கூண்ட நெஞ்சோட அணைச்சுப் பிடிக்கச் சொல்லு. பள்ளம் வருது" என்றாள் பெரியவள், திரும்பிப் பார்க்காமல்.

"பொட்டலம், அதெல்லாம் எனக்குத் தெரியும்னு சொல்லு."

"கடவுளே" என்றான் வேன்காரன், சின்னவளின் புருஷன்.

டாக்டரம்மா பொட்டலத்தை மேசைமேல் ரப்பர் விரிப்பில் விட்டார். முன்கால் நின்றது, பின்கால் வழுக்கியது. பின்பாதத்தை மடக்கி வைத்துப் பார்த்தார். அது மெதுவாக, யோசித்து யோசித்து, நேராக்கிக்கொண்டது. அடிவயிற்றை இரண்டு விரலால் அழுத்தினார். வெள்ளையாக ஒரு வழிசல். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"ரொம்ப மந்தமா இருக்கு. இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகும்னு நான் நினைக்கல" என்றார். "சாப்பிடுதா?"

"கொடுத்தா மெல்லுது. மெல்லும்போதே தூங்கிடுது" என்றாள் சின்னவள்.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த விதமே சின்னவளுக்குப் பிடிக்கவில்லை.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க? அவசரமில்ல. ஆனா அது படற பாட்டப் பாக்கும்போது..."

பெரியவள் குடையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். சின்னவளுக்கு எதையாவது கேட்டு நேரத்தைத் தள்ள வேண்டும் போலிருந்தது. பையிலிருந்து காலிப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மருந்து தீந்துபோச்சு டாக்டர். நேத்தோட. வேற வேணுமா, இல்ல... வேணாமா?"

டாக்டரம்மா பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது ஒரு மாசத்துக்குக் கொடுத்ததாச்சே. பதினாறு நாள்தான கொடுத்திருப்பீங்க? கொட்டிட்டீங்களா?"

"நான் கொட்டல" என்றாள் சின்னவள். "யாராவது கொட்டியிருந்தா எனக்குத் தெரியாது."

பெரியவள் நிமிர்ந்தாள். "யாராவதுன்னா யாரு? இந்தப் பாட்டில ஒழுங்கா மூடி வைக்கற ஆளே நான் ஒருத்திதான்."

பேச்சு நின்றதிலிருந்து பொட்டலத்தின் பெயரைச் சொல்லாமல் பெரியவள் சின்னவளிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

"மூடி வைப்பீங்கக்கா. தொட்டாத்தான மூடணும்? ஒரு நாளாவது அதுக்கு மருந்து ஊத்தியிருக்கீங்களா? தினமும் சாயங்காலம் நான்தான் கொடுத்தேன்."

"என்னது?" பெரியவள் குடையைக் கீழே போட்டாள். "நீ கொடுத்தியா? ஏண்டி, வாய் கூசல? விடிஞ்சா அது புல்லக் கடிக்கற வரைக்கும் காத்திருந்து, காத்திருந்து, தினமும் கொடுக்கறவ நானு! ஒரு நாள் சாயங்காலமாவது நீ கொடுத்து வெச்சிருப்பேன்னு சீட்டப் பாப்பேன். பாத்தா எண்ணு பல்ல இளிச்சுட்டு நிக்கும்."

"எண்ணு நிக்கத்தான் செய்யும். கொடுத்தாச்சுன்னு நான்தான திருப்பி வெச்சேன்!"

"எண்ணு தெரிஞ்சா கொடுத்தாச்சா? எந்த ஊர் நியாயம் இது? எண்ணு தெரிஞ்சா வேலை பாக்கி!"

"வெறும்பக்கம் தெரிஞ்சாத்தான் பாக்கி!"

டாக்டரம்மா ஒரு கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம். எனக்குப் புரியற மாதிரி ஒருத்தர் சொல்லுங்க. என்ன சீட்டு?"

வேன்காரன்தான் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"கடைக்கு மூட்டை வந்ததும் எண் தெரியற மாதிரி சீட்டு கட்டுவோம் டாக்டர். அண்ணி அதத் துவைச்சு முடிச்சா, வெறும்பக்கமாத் திருப்பி இஸ்திரிக்கு அனுப்புவாங்க. இவ தேய்ச்சு முடிச்சா, மறுபடி எண்ணுப் பக்கமாத் திருப்பி என் வேனுக்கு அனுப்புவா. அதாவது... அண்ணிக்கு எண்ணு தெரிஞ்சா வேலை பாக்கி. இவளுக்கு எண்ணு தெரிஞ்சா வேலை முடிஞ்சுது. ஒருத்தி முடிக்கற இடத்துலதான் இன்னொருத்தி ஆரம்பிக்கறது. மறுநாளைக்குச் சீட்ட மாத்தி வெக்கறது அண்ணன்தான்னு ரெண்டு பேரும் நினைச்சிருக்காங்க. அதனால காலையில அண்ணி ஒரு தடவை, சாயங்காலம் இவ ஒரு தடவை..."

"பதினாறு நாளா?"

"பதினாறு நாளா."

யாரோ வெளியே ஒரு நாயை அதட்டுகிற சத்தம் கேட்டது. பொட்டலம் ரப்பர் விரிப்பில் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டது.

சின்னவளுக்கு முகமெல்லாம் சூடானது. கொலைக்குச் சமமாக ஏதோ பண்ணிவிட்டோமா? அதுவும் அன்பாக, அளந்து, வாய் துடைத்துவிட்டு?

"டாக்டர், நாங்களே அதக் கொன்னுட்டோமா?" என்றாள்.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க." டாக்டரம்மா மறுபடி எழுந்துபோய்ப் பொட்டலத்தின் பின்காலைத் தொட்டுப் பார்த்தார். "இந்த மருந்து கூடிட்டா இப்படித்தான் மந்தமாகும், கால் தள்ளாடும். மூத்திரம் வந்தாக்கூட எழுந்து நகரத் தோணாது. நான் இதத்தான் நோய் முத்திடுச்சுன்னு நினைச்சேன். ஆனா..."

"ஆனா?" என்றார்கள் இருவரும்.

"ஆனா எலும்பும் முளைச்சுத்தான் இருக்கு. மணலும் இருக்கத்தான் செய்யுது. எவ்வளவு மருந்தால, எவ்வளவு நோயாலன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. மருந்து இறங்கட்டும். ரெண்டு நாள் இந்த மருந்து வேணாம். தண்ணி மட்டும் நிறையக் கொடுங்க. ஞாயித்துக்கிழமை காலையில நானே போன் பண்றேன். ரெண்டே கேள்விதான் கேப்பேன். பின்கால் ஊன்றுதா? தானா சாப்பிடுதா? ரெண்டும் இல்லைன்னா, அன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. தள்ளிப் போடக் கூடாது. சரியா?"

திரும்பும்போது பெரியவள் முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் ஏறி, ஒரு துணி மூட்டையைத் தள்ளிவிட்டு, கூண்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"எண்ணு பல்ல இளிச்சுட்டு நிக்குதுன்னா தினமும் நினைச்சீங்க?" என்றாள் சின்னவள்.

"நீ மட்டும் என்ன நினைச்ச? மகாராணிக்கு இடுப்பு வளையலைன்னுதான?"

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"இஸ்திரி ரூமுக்குக் கதவு எங்கடி இருக்கு?"

வெள்ளி கழிந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் பெரியவள் ஒரு மெஷினைப் போட்டுவிட்டு நடையில் வந்து நின்றாள். பத்து நிமிஷம் கழித்து, வேலை தொடங்க இன்னும் நேரம் இருக்க, சின்னவளும் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பொட்டலம் விழித்திருந்தது. கண் முழுதாகத் திறந்திருந்தது. சிரிஞ்சைக் கண்டதும் முகத்தைத் திருப்பியது. வழக்கமாகக் கொடுத்ததை முழுங்குகிற பிராணி, இன்று நாலு தடவை துப்பியது. பெரியவளின் புடவையெல்லாம் தண்ணீர்.

"தெம்பு வந்துடுச்சு" என்றாள் பெரியவள்.

"வலிக்குதோ என்னவோ" என்றாள் சின்னவள்.

ஒன்பது மணிக்குக் கத்தத் தொடங்கியது. அடங்கியிருந்த கத்தலெல்லாம் சேர்ந்து திரும்பி வந்த மாதிரி. தொட்டால் கத்தியது, தொடாவிட்டாலும் கத்தியது. மருந்து இறங்கினால் வலி ஏறும், அது தெரிந்ததுதான். ஆனால் காய்கறிப் பை சரசரத்தபோதும் அதே கத்தல்! உடம்பு நன்றாக இருந்த காலத்தில் பை சத்தம் கேட்டால் இப்படித்தான் கத்தும், பசிக்கிறது என்று. இது எந்தக் கத்தல்?

"இது வலிக் கத்தல்க்கா. முடியும்போது குரல் இறங்குது பாருங்க."

"பசிக் கத்தல். எனக்குத் தெரியாதா? மூணு பெத்தவடி நான்."

"நீங்க பெத்ததெல்லாம் வாயத் திறந்து சொன்னுச்சு."

"எங்க சொன்னுச்சு? இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல."

ரசீது முன்மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசாம இருந்தப்ப கடை அமைதியா இருந்துச்சு" என்றார். "சத்தம் போட்டா அதுக்கு அதிர்ச்சி ஆகும்."

"உங்க சீட்டாலதான் அதுக்கு இந்தக் கதி" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் தலையை இழுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. மெஷின்கள் ஓடாததால் நடை விநோதமாக அமைதியாயிருந்தது. மழை விட்டிருந்தது. கூண்டைத் திறந்து, தரையில் பெரிய டவலாக விரித்து, பொட்டலத்தை அதில் விட்டிருந்தார்கள். போன் சின்னவளின் மடியில் கிடந்தது. எட்டரை ஆனது. ஒன்பதானது. அவளுக்கு அந்தப் போன் அடிக்கவே கூடாது போலிருந்தது.

குடைமிளகாய்த் துண்டை முகத்துக்கு முன்னால் வைத்தார்கள். முகர்ந்து பார்த்தது, திரும்பிக்கொண்டது. புல்லை வைத்தார்கள். அதையும் தொடவில்லை. பிறகு, யாரும் எதிர்பார்க்காதபோது, முன்காலைத் தூக்கி வைத்தது. இடது பின்கால் எழுந்து வந்தது. வலது கால் இழுபட்டது. இல்லை, இழுபட்டு, கடைசியில் ஊன்றியது. ஊன்றியதா? இரண்டு பேரும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தார்கள். அது அப்படியே தத்தித் தத்திச் சுவரோரம் போய், சட்டைக் காலருக்குள் வைக்கிற அட்டைக் கட்டு சாய்த்து வைத்திருந்த இடத்தில் நின்று, ஒரு அட்டையைப் பல்லால் பிடித்து இழுத்தது. கறுக் கறுக்கென்று ஓரம் முழுக்கக் கடித்தது.

போன் அடித்தது.

"டாக்டர்..." என்றாள் சின்னவள்.

"எப்படி இருக்கு? பின்கால் ஊன்றுதா?"

"ஒண்ணு ஊன்றுது. இன்னொண்ணு..."

"ஊன்றுதுன்னு சொல்லு" என்றாள் பெரியவள்.

"இழுக்குதுக்கா."

"இழுத்துட்டு அப்புறம் ஊன்றுது. அதச் சொல்லு."

"இழுத்துட்டு அப்புறம் ஊன்ற மாதிரி இருக்கு டாக்டர்."

"சரி. தானா சாப்பிடுதா?"

"புல்லு சாப்பிடல. மிளகாயும் வேணாங்குது. ஆனா அட்டையத் தின்னுது."

"என்னத்த?"

"காலர் அட்டை. முழு ஓரத்தையும் கடிச்சுடுச்சு. அது சாப்பாட்டுல சேருமா டாக்டர்?"

"கத்துதா?" என்றார் டாக்டரம்மா.

"கத்துது. அது வலியா பசியான்னு எங்களுக்குள்ள ஒத்து வரல."

"நான் ரெண்டே கேள்விதாம்மா கேட்டேன்" என்றார் டாக்டரம்மா. அவர் குரலும் குழம்பிப் போயிருந்தது. "அட்டை கடிக்கறது பல்லு நமநமங்கறதாலயும் இருக்கலாம், பசியாலயும் இருக்கலாம். இத வெச்சு நான் என்ன சொல்றது? நீங்க பக்கத்துல இருக்கீங்க. உங்களுக்கு என்ன தோணுது? கூட்டிட்டு வரீங்களா?"

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கும் தெரியவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. சுவரோரத்தில் பொட்டலம் மெல்லுவதை நிறுத்தியது. பின்கால் இரண்டையும் அகட்டி, முதுகைக் கூனி, ஒரு நீளக் கிரீச்சோடு வெள்ளையாக ஒரு குளம் விட்டது. இத்தனை நாளில் அவ்வளவு பெரிதாக அது விட்டதில்லை. விட்டு முடித்து, அதன் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டு, அட்டையை மறுபடி வாயில் எடுத்தது.

"கேக்குதாம்மா? இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"இப்பவா?" சின்னவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். "இப்ப அதத் தொடைச்சு விடணும் டாக்டர். நனைஞ்சு போய் உக்காந்திருக்கு. வெச்சுடறேன்."